சொல்லாமல் விட்ட பந்து

லாவெல் ஃபோன்டெனோ, அணிகள் ஆட்களைக் கழிக்கும் ஆகஸ்ட் மாதத்தில் முடிவெட்டும் கடைப்பக்கமே போகமாட்டான். முதன்முதலில் ஒரு அணி அவனை நீக்கிய செய்தி வந்தபோது அவன் பாதித் தலையோடு கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டான், நன்றி சொன்னான், மீதித் தலையையும் வெட்டிக்கொண்டு எழுந்து போனான். அதன்பிறகு இன்னும் இரண்டு அணிகள் அவனைக் கழற்றிவிட்டன. எங்கள் அணிக்கு வந்து நிலைத்த பின்னும், பயிற்சி முகாமுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவன் மனைவி நடீன்தான் சமையலறையில் துண்டைப் போர்த்தி அவனுக்கு முடி வெட்டுவாள்.

மைதானத்தில் அவனைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். எங்கள் ஆட்டமான அமெரிக்கக் கால்பந்தில் சேஃப்டி என்பவன் எல்லாருக்கும் பின்னால் நிற்கிற கடைசி இரண்டு பேரில் ஒருவன். பந்தை வாங்கிக்கொண்டு ஓடி வருகிறவன் மற்றவர்களைத் தாண்டிவிட்டால் சேஃப்டிதான் அவனை மோதிச் சாய்க்க வேண்டும். லாவெல் மோதினால் மேல்தட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட முகத்தைச் சுளிப்பார்கள். நான் அவனுக்குப் பக்கத்தில் ஓரத்தைக் காக்கும் ஆட்டக்காரன். முகாமில் ஒரே அறையில் தங்குவோம். அவன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

முப்பத்தொரு வயதில் அவனுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. அந்த வருஷ வசந்தத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை அவன் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். நடீன் பெரிய பாத்திரத்தில் கம்போக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவது சுற்றில் எங்கள் அணியின் பெயரைச் சொன்னார்கள். ஜரெல் ஸ்பைவி, ஜார்ஜியா மாநிலத்துக்காரன், சேஃப்டி.

லாவெல் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டான்.

"அவனை வேற இடத்துல ஆட வைப்பாங்களா இருக்கும்" என்றாள் நடீன்.

"ரெண்டாவது சுத்துல எடுத்தவனை உக்கார வைக்கவா எடுத்திருக்காங்க?"

"சரி, சாப்பிடு. ஆறிடும்."

அவன் சாப்பிடவில்லை. அவர்களுடைய மகள் அப்போதுதான் அந்த ஊர்ப் பள்ளியில் ஒட்டிப் பழக ஆரம்பித்திருந்தாள். அதற்கு முன்னால் மூன்று ஊர் மாறியவள்.

முகாம் ஒஹையோவில், சோளக்காட்டு நடுவே ஒரு சிறு கல்லூரியில். மாணவர்களுக்காகச் செய்த கட்டில்களில் நாங்கள் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுப்போம். ஸ்பைவி வந்த அன்றே லாவெலின் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். வாட்டசாட்டமான உடம்பு, குழந்தை முகம்.

"வணக்கம் சார். நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே உங்க ஆட்டத்தைப் பாத்திருக்கேன் சார்."

"பள்ளிக்கூடத்துலயா?" லாவெல் என் பக்கம் திரும்பினான். "டேய் வெஸ், கேட்டியா? என்னைக் குழிக்குள்ள இறக்கிட்டுத்தான் விடுவான் போல. இன்னொரு தடவை சார்னு கூப்பிட்டே, அடி விழும்."

"சரி சார்."

எல்லாரும் சிரித்தோம். லாவெலைப் பெருசு என்று நாங்கள் கூப்பிடுவது தெரிந்து ஸ்பைவியும் அப்படியே கூப்பிடத் தொடங்கினான். சாப்பாட்டுக் கூடத்தில் புதியவர்கள் நாற்காலி மேல் ஏறிப் பாட வேண்டும் என்பது வழக்கம். ஸ்பைவி அவன் தேவாலயத்துப் பாட்டு ஒன்றைப் பாடினான். குரல் நடுங்கியது. "டேய், இங்க யாருடா செத்தா?" என்று யாரோ ஒரு ரொட்டித்துண்டை அவன்மேல் எறிந்தார்கள்.

ஆனால் அவன் ஓட்டத்தைப் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை. லாவெல் முன்கூட்டியே யோசித்துப் போய்ச் சேரும் இடத்துக்கு அவன் யோசிக்காமலே போய்ச் சேர்ந்தான். பயிற்சியாளர் ஹார்கிஸ் முதல் அணியில் லாவெலையும் ஸ்பைவியையும் மாற்றி மாற்றி இறக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை வெளியே வரச் சொல்லும்போதும் லாவெல் ஓரக்கோட்டில் நின்று தலைக்கவசத்தின் பட்டையை அவிழ்ப்பான், மறுபடி மாட்டுவான்.

ஒரு காலை ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஸ்பைவி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"வெயிலாடா?"

"இல்லண்ணே. தினமும் இப்படித்தான்." வாயைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, பெருசு என்னை வெறுக்கறாரா?"

"வெறுக்கல. உன்னைப் பாத்துப் பயப்படறான்."

"என்னைப் பாத்தா!" என்று சிரிக்கத் தொடங்கியவன் மறுபடி குனிந்துவிட்டான்.

ஸ்பைவி கேட்கும் சந்தேகங்களுக்கு லாவெல் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. எதிரணி இப்படி நின்றால் நான் எங்கே நிற்கணும் என்று அணியின் ஆட்டத் திட்டங்கள் இருக்கும் டாப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். லாவெல் சரியாகவே சொல்லுவான். கேட்டதற்கு மட்டும். "கேட்டதுக்குச் சொல்றேன்ல? கேக்காததையும் சேத்துச் சொல்லி, என் சட்டையையும் கழட்டிக் குடுக்கணுமா?" என்று என்னிடம் சீறினான். நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னதுதான்.

எங்களுடைய இன்னொரு சேஃப்டிக்கு யாரும் அசைக்க முடியாத ஒப்பந்தம் இருந்தது. அவனுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொள்ள, ஹார்கிஸ் ஒருநாள் ஸ்பைவியையும் லாவெலையும் ஒரே நேரத்தில் இறக்கினார். எங்களுக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டம். ஒரு தூர எறிதல் கைதவறி மேலே போயிற்று. பந்து நடுவானில் யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்தது. பிடிக்க வேண்டியவனுக்கும் எட்டாது. இடதுபக்கமிருந்து ஸ்பைவி ஓடிவந்தான், வலதுபக்கமிருந்து லாவெல்.

அப்படி இரண்டு பேர் வந்தால் ஒருவன் கத்த வேண்டும். "எனக்கு" என்றோ "உனக்கு" என்றோ. பள்ளிக்கூடத்தில் ஆடும் பையனுக்கும் இது தெரியும். நான் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தேன். எந்தக் குரலும் கேட்கவில்லை. மரப்பலகை முறிவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

லாவெல் உருண்டு எழுந்தான். ஸ்பைவி எழவில்லை. மல்லாந்து கிடந்தான், கைகள் இரண்டும் யாரோ எடுத்து வைத்தது போல உடம்பின் பக்கத்தில் கிடந்தன. பார்வையாளர் வரிசையில் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தவன்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டான். மருத்துவர் ஓடிவந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அசையாதே ஜரெல். நான் காலைத் தொடறேன், தெரியுதா?"

அவன் மருத்துவரைப் பார்க்கவில்லை. மண்டியிட்டிருந்த லாவெலைப் பார்த்தான்.

"பெருசு, என் கால் எங்க இருக்கு?"

லாவெல் அவன் காலைத் திரும்பிப் பார்த்தான்.

பலகையில் கட்டி, கழுத்தைச் சுற்றி மெத்தை வைத்து, வண்டியில் ஏற்றினார்கள். வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை, ஹார்கிஸ் விசிலை ஊதினார். "எல்லாரும் அந்தப் பக்கம் போங்க. அந்தப் பாதியில ஆடலாம்." நாங்கள் போனோம். அடுத்த பந்துக்கு லாவெல் தன் இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நின்றான்.

சாயங்காலம் முகாம் குளியலறையில் லாவெல் காலணியோடு, கொட்டும் தண்ணீருக்கு அடியில் நின்றிருந்தான். நான் குழாயை மூடினேன்.

"வெஸ், அது அவன் பந்து."

"ரெண்டு பேருமே கூப்பிடலை. அவனும்தான் கூப்பிடலை."

"அவன் பந்தைப் பாத்துட்டு வந்தான். நான் அவனைப் பாத்துட்டேன். உனக்குன்னு ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துச்சு. குடுக்க மனசு வரலை."

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்பைவிக்குக் கழுத்தில் நரம்பைச் சுற்றி வீக்கம், நடப்பானா என்று வீக்கம் வடிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். மறுநாள் மதிய இடைவேளையில் என் வண்டியில் லாவெலை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அறைவாசலில் ஸ்பைவியின் அம்மா ஓடெஸா நின்றிருந்தார். காலையில்தான் விமானத்தில் வந்திருந்தார். கசங்காத சட்டை, தேவாலயத்துக்குப் போகிறவர் போல.

"நீதான் லாவெலா?"

"ஆமாம்மா."

"விரல் அசையுது. ராத்திரி கால் கட்டைவிரலும் அசைஞ்சுச்சாம். டாக்டர் சொன்னாரு."

லாவெல் சுவரைப் பிடித்துக்கொண்டான். நானும் மூச்சு விட்டேன்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் அவர். "அவன் சின்னதுலேருந்து இந்த ஆட்டத்தைப் பாத்துட்டு வர்றேன். ரெண்டு பேர் ஓடி வந்தா ஒருத்தர் கூப்பிடணும். யாரு கூப்பிட்டிருக்கணும்?"

நான் குறுக்கே பேசப் போனேன். லாவெல் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நான்மா."

அவர் அவனையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். நாங்கள் முகாமுக்குத் திரும்பினோம்.

ஸ்பைவி நடந்துவிடுவான் என்று சில நாளில் தெரிந்தது. அந்த வருஷம் ஆட முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ஆட்களைக் கழிக்கும் நாள் வந்தது. அணி அலுவலகத்திலிருந்து ஒருவர் காலையில் கதவுகளைத் தட்டி, "கோச் கூப்பிடறாரு, டாப்லெட்டையும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லுவார். டாப்லெட்டைக் கேட்டாலே முடிந்தது கதை. நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து நடைவழியில் வரும் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எதிர் அறை தட்டப்பட்டது. அப்புறம் அதற்கடுத்த அறை. எங்கள் கதவைத் தாண்டிப் போயிற்று.

வருஷா வருஷம் அந்தக் காலடி தாண்டிப் போனதும் லாவெல் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பான். அன்று எழுந்து ஹார்கிஸின் அறைக்குப் போனான். தானாகவே. என்ன நடந்தது என்று திரும்பி வந்து சொன்னான்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ஹார்கிஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"தெரியும்" என்றாராம். "ஆட்டத்தை எடுத்த ஃபிலிம்ல உன் தலை அவன் பக்கம் திரும்பறது தெரியுது. நீ அவனைப் பாத்துட்டே."

"அப்ப ஏன் கோச் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டு? அன்னிக்கு சாயங்காலம் என்கிட்ட ஆடற நிலைமையில இருந்த சேஃப்டி நீ ஒருத்தன்தான். போய் வேலையைப் பாரு."

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு பயம் இருந்தது. இத்தனை வருஷம் அவன் இந்த வேலை போய்விடுமோ என்றுதான் பயந்தான். அன்றுதான் வேலையைப் பார்த்தே பயந்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வருஷம் முதல் அணியில் அவனே ஆடினான். ஆனால் அது பழைய லாவெல் இல்லை. பந்து எங்கே போனாலும், பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும் "உனக்கு, உனக்கு" என்று கத்துவான். இடைவேளைக்குள் குரல் கட்டிவிடும். "பெருசு, யாருக்குடா குடுக்கறே, நடுவருக்கா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். மோத வேண்டிய கடைசி அடியில் அவன் தோள் தானாகப் பின்வாங்கியது. ஓர் ஆட்டத்தில் எதிராளி ஒருவன் அவன் கைக்குள்ளிருந்தே நழுவிக் கோட்டைத் தாண்டினான். கூட்டம் ஊளையிட்டது. ஹார்கிஸ் திட்டவில்லை, தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஸ்பைவி திரும்பி வந்தான். கழுத்து தடித்திருந்தது. லாவெல் ஓய்வறையில் அவனுக்கு எதிரே போய் நின்றான். நான் கிட்டத்தில் இருந்தேன்.

"ஜரெல், அன்னிக்கு நான் உன்னைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் கூப்பிடலை."

"அம்மா சொன்னாங்க."

"அப்ப ஏதாவது சொல்லு."

ஸ்பைவி காலணியின் நாடாவை இழுத்துக் கட்டினான். "நான் பந்தைத்தான் பாத்தேன் பெருசு. உங்களைப் பாத்திருந்தா நான் மட்டும் கூப்பிட்டிருப்பேனான்னு ஒரு வருஷமா யோசிக்கறேன். தெரியலை. அதான் தூக்கம் வர மாட்டேங்குது." எழுந்தான். "ஆனா உங்க வேலை எனக்கு வேணும். இன்னிக்கும் வேணும்."

"எடுத்துக்கோ" என்றான் லாவெல். ஆனாலும் சும்மா விட்டுக் கொடுக்கவில்லை. முகாம் முழுக்கத் தேய்ந்த காலோடு அவனோடு போட்டி போட்டுத்தான் தோற்றான். கேட்காததையும் அந்த முறை அவனுக்குச் சொன்னான். கதவு தட்டப்பட்டபோது டாப்லெட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

இப்போது லூயிசியானாவில் அவன் மாமனாரின் அரிசி ஆலையில் லாரிகளை அனுப்பும் வேலை பார்க்கிறான். போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்பைவி ஆடும் ஆட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இப்போது பெரிய ஆள். லாவெல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணி நெடுந்தூரம் ஒரு பந்தை எறிந்தது. பந்து உயரே போனதும் லாவெல் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

நான் நடீனைப் பார்த்தேன்.

"எப்பவும் இப்படித்தான்" என்றாள். "பந்து மேல போச்சுன்னா ஆள் உள்ள இருக்க மாட்டான்."

திரையில் ஸ்பைவியும் இன்னொருவனும் மோதி விழுந்தார்கள். வெளியிலிருந்து குரல் கேட்டது.

"எழுந்துட்டானா?"

நடீன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பைவி கையை ஊன்றி எழுந்தான்.

"எழுந்துட்டான்" என்றாள். "உள்ள வா."