உஷ் மாமாவின் பாட்டு

தெருவில் அவருக்கு 'உஷ் மாமா' என்று பெயர். ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். ஊர் எழுந்திருக்கும்போது படுப்பார். அவர் படுத்துவிட்டால் வீட்டில் மூச்சு விடுவதற்கே யோசிக்க வேண்டும். குக்கர் பரணேறிவிட்டது. அம்மாவும் மகளும் கண்ஜாடையில் குடும்பம் நடத்தினார்கள். ஒருமுறை கைதவறி விழுந்த கரண்டிக்கு அவர் ஆடிய ஆட்டம் இரண்டு வீடு தள்ளிக் கேட்டது. சத்தம் போடாதே என்பதைத்தான் மனுஷன் அத்தனை சத்தமாகச் சொன்னார்.

நியாயம் அவர் பக்கமும் இருந்தது. ஒரு பஸ் ஜனமும் அவர் கண்ணை நம்பித்தானே தூங்குகிறது?

மகளின் பாட்டு டீச்சர் ஒருநாள் வழியில் நிறுத்தி, "பொண்ணுக்கு அருமையான குரல் சார், வீட்டுல பாடச் சொல்லிக் கேளுங்க" என்றார். "கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். கேட்கவே இல்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு விடியல் என்ற ஒன்று காதில் விழுந்தது. அதுவரை எல்லா விடியலும் இன்ஜின் இரைச்சலுக்குள்ளேயே போயிருந்தன. கொல்லை மரத்தில் குயில் கூவியது. இவர் சீட்டியடித்தார். அது பதில் சொன்னது.

"யாரக் கூப்புடுறீங்க?" என்றாள் மனைவி.

"அதுதான் என்னக் கூப்புடுது."

அப்புறம் பூங்காவில் காலையில் கூடிப் பாடுகிற பெரியவர்களோடு சேர்ந்தார். தானே பாட்டுக் கட்டவும் துணிந்துவிட்டார்.

பாறையாக் கெடந்தேன், பக்கத்துல ஆறு
பாடிக்கிட்டே போச்சு, கேட்டது யாரு?
பாசி படிஞ்ச பின்னே காது வந்ததெனக்கு
தண்ணி வத்தும் நாளில் தாகம் வந்ததெனக்கு

ஆளே மாறிவிட்டார் என்று கைதட்டினார்கள். மாறித்தான் போயிருந்தார். ஆனால் அந்தக் கைதட்டல் உள்ளே இறங்கவில்லை. மகள் பாடி ஒருதடவையாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஏக்கம் அவரைப் போட்டு அரித்தது.

விடுமுறைக்கு மகள் குழந்தையோடு வந்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, பாட்டை இரண்டு மூன்று தடவை பாடிக் காட்டினார்.

"நல்லாருக்குப்பா."

"இப்ப நீயும் சேந்து பாடும்மா. அப்பா உன் குரலக் கேக்கணும்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஆரம்பித்தார். அவள் தலை ஆடியது, உதடுகள் ஒரு சொல் பிசகாமல் கூடவே வந்தன, மேலே போகிற இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. தன் குரல்தான் அவள் குரலை அமுக்குகிறது என்று நினைத்து அவர் சட்டென்று நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. நிசப்தமாக இருந்த அடுக்களையில் உதடுகள் மட்டும் அசைந்து கடைசி வரியை முடித்தன.

"என்னம்மா, சத்தமே வரல?"

அவள் நிஜமாகவே திகைத்தாள். "பாடிட்டுதாம்ப்பா இருந்தேன்." தொண்டையைத் தடவிக்கொண்டாள். "நீங்க தூங்குறப்ப இப்படியே பாடிப் பாடிப் பழகிடுச்சு."

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார்.

"விடுங்கப்பா," என்று மறுபடி கத்தியை எடுத்தாள். "குழந்தையத் தூங்க வைக்கிறதும் இப்படித்தான். என் வாயையே பாத்துக்கிட்டுத் தூங்கிடும்."