பால் பாட்டிலில் ஒரு கோடு

காலைக் காபிக்குப் பால் ஊற்றியதும் உக்னே ஃபிரிட்ஜ் முன்னால் மண்டியிட்டு, பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பால் நிற்கும் மட்டத்தில் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு கிழிக்கிறாள். பக்கத்தில் தேதி போடுகிறாள். பிறகு கைபேசியில் ஒரு படம். லிதுவேனியாவின் கௌனாஸிலிருந்து ஒரு செமஸ்டர் சரித்திரம் படிக்க இத்தாலியின் பொலோன்யாவுக்கு வந்தவள். வந்த இரண்டாம் வாரத்திலிருந்து இந்தப் பூசை தவறாமல் நடக்கிறது.

வீட்டில் அவளைத் தவிர இருப்பது ஒர்னெல்லா ஒருத்திதான். தெற்கே லெச்சே ஊர்க்காரி, வேளாண்மை படிக்கிறாள். அவள் சிரித்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். தன் பாலை எடுப்பது அவள்தான் என்பது உக்னேயின் கட்சி. சாட்சிதான் கிடைக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பால் கோட்டிலேயே நிற்கிறது, ஒரு நூல் குறையவில்லை. ருசி மட்டும் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போகிறது. மூன்று கம்பெனிப் பாலை மாற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் மாடே தண்ணிதாம்மா கறக்குது" என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது, ரயிலேறிவிடுவாள். ஃபெர்ராரா, ரவென்னா, வெனிஸ். நடைமேடை எந்திரத்தில் டிக்கெட்டுக்கு முத்திரை குத்தியதும், அந்த முத்திரையையும் தலைக்கு மேலிருக்கும் கடிகாரத்தையும் சேர்த்துப் படம் பிடிப்பாள். பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டால், "மொதல்ல உங்க அட்டையைக் காட்டுங்க" என்பாள். வழி கேட்பதென்றால் மூன்று பேரிடம் கேட்டு, இரண்டு பேர் சொன்ன பக்கம் போவாள். வெனிஸில் ஒரு நாள் மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டிவிட, ஒரு பாலத்தின் மேலேயே உட்கார்ந்து அம்மா அனுப்பிய கறுப்பு ரொட்டியைத் தின்றுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினாள். எங்கே உட்கார்ந்தாலும் பையின் வார் கணுக்காலில் இரண்டு சுற்று சுற்றியிருக்கும். மாலையில் ஒர்னெல்லாவோடு போகும் கடையில் ஒயினோடு ஆலிவும் ரொட்டித் துண்டும் தானாக வந்து மேசையில் உட்கார்ந்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள்.

"நாம கேக்கவே இல்லையே. எதுக்குக் குடுக்குறாங்க?"

"தின்னுடி. விஷம் வெச்சா உனக்கு மட்டுமா வெப்பாங்க?" என்பாள் ஒர்னெல்லா, வாய் நிறைய ஆலிவோடு.

இந்த ஊரில் டிகிரி வாங்குமுன் எந்த மாணவரும் பெரிய கோபுரத்தில் ஏறமாட்டார். ஏறினால் டிகிரி வராது என்று ஒர்னெல்லா பயத்தோடு சொன்னாள். தன்னை எதிலிருந்தோ தள்ளிவைக்கப் பார்க்கிறாள் என்று உக்னேக்குப் பட்டது. மறுநாளே போய், படிகளை எண்ணிக்கொண்டே உச்சிவரை ஏறிவிட்டு வந்தாள்.

பிப்ரவரியில் ஒரே ஒரு பரீட்சை மிச்சம் இருந்தது. ஐந்து பாடமும் தேறினால்தான் கௌனாஸில் செமஸ்டர் செல்லும். ஒன்று குறைந்தாலும் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி ஒரு வருஷம். நான்கு எழுத்துத் தேர்வுகள் முடிந்துவிட்டன. ஐந்தாவது, பேராசிரியர் தஸ்ஸினாரியின் வாய்மொழித் தேர்வு, புதன்கிழமை. ஊருக்கு விமானம் சனிக்கிழமை.

"முப்பதுக்கு இவ்வளவுன்னு மார்க்கைச் சொல்லிட்டு, ஏத்துக்கிறீங்களான்னு கேப்பாரு. சரின்னு சொல்லிடு, என்ன?" என்று முந்தின நாள் ஒர்னெல்லா சொல்லிக்கொடுத்தாள்.

மாணவியிடம் சம்மதம் கேட்டு மார்க் போடும் பேராசிரியரா? இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை? துணைக்கு வருகிறேன் என்று கூடவே கிளம்பி வந்ததும் உக்னேக்குப் பிடிக்கவில்லை.

தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. நாற்பது பேர் பெஞ்சுகளில் காத்திருந்தார்கள், கதவருகே ஒர்னெல்லா. உக்னே முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். ஒரு பெண், "ஏத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போனாள். அடுத்து வந்த ஒருவன் இருபத்திரண்டுக்கு, "வேண்டாம்" என்றான். பேராசிரியர் எழுந்து கைகுலுக்கினார், அவன் சீட்டியடித்துக்கொண்டு வெளியே போனான். உக்னேக்கு விஷயம் புரிந்துவிட்டது. சரி என்றவள் அழுகிறாள், வேண்டாம் என்றவன் சிரிக்கிறான்.

அவள் முறை வந்தது. பதில்கள் நன்றாகவே வந்தன.

"இருபத்தெட்டு. ஏத்துக்கிறீங்களா?"

"வேண்டாம்" என்றாள் உக்னே, கம்பீரமாக.

பேராசிரியரின் புருவம் உயர்ந்தது. பட்டியலில் ஒரு கோடு கிழித்தார். "உங்க உரிமை. இருபதாம் தேதி மறுபடி வாங்க" என்று கை கொடுத்தார்.

இருபதாம் தேதி அவள் கௌனாஸில் இருப்பாள். கை குலுக்கும்போதுதான் அது உறைத்தது. பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

"இருபத்தெட்டா! சரின்னுதானே சொன்ன?" என்றாள் ஒர்னெல்லா.

"வேண்டாம்னு சொன்னேன்."

"மாதாவே! வேண்டாம்னா மார்க்கே இல்லடி! கோபுரத்துல ஏறாத ஏறாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனாள்.

தஸ்ஸினாரி முடியாது என்று தலையை ஆட்டினார். "மறுத்த மார்க் மறுத்ததுதான். இருபத்தெட்டை ஏன் மறுக்கணும்? யாருமே சொல்லலையா?"

"நான் சொன்னேன் புரொபசர். நான் சொன்னதாலதான் இவ நம்பல." ஒர்னெல்லாவின் முகம் சிவந்தது. "தப்பு என்னோடது. அஞ்சு மாசமா தினம் காலையில இவ பாலை எடுத்து என் காபியில ஊத்திப்பேன். இவ பாட்டில்ல கோடு போட்டு வெப்பா. நான் அந்தக் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி வெச்சிடுவேன். அப்படிப்பட்டவ பேச்சை யார் நம்புவா, சொல்லுங்க?"

பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். உக்னேக்குக் காது சுட்டது. நான் சொன்னது சரிதான், சரிதான் என்று முதலில் ஒரு சந்தோஷம் குதித்தது. பின்னாலேயே கோபம் வந்தது. அப்புறம், இத்தனை பேர் முன்னால் தன் மானத்தை விட்டு என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாளே என்று பட்டது. ஐந்து மாதத்தில் முதன்முறையாக அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டியல் முடியட்டும். கடைசி ஆளா மறுபடி உக்காருங்க. ஒரே கேள்விதான்."

கடைசியாக அவளிடம் கேட்டார்: "அந்தக் காலத்துல இந்த ஊருக்குப் படிக்க வந்த வெளிநாட்டுப் பசங்க, வாத்தியார்களை நம்பாம என்ன பண்ணாங்க?"

உக்னே மூச்சு விடாமல் சொன்னாள். வாத்தியார் மேல் உளவு வைத்தது, தாமதமாக வந்தால் அபராதம் போட்டது, பாடத்தைப் பாதியில் விட்டால் புகார் எழுதியது, ஒன்று விடவில்லை. தனக்கு வேண்டியவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் முகம் மலர்ந்திருந்தது.

"இருபத்தேழு. ஏத்துக்கிறீங்களா?"

ஒரு மார்க் எங்கே போயிற்று என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உக்னே திரும்பிக் கதவைப் பார்த்தாள். ஒர்னெல்லா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"ஏத்துக்கிறேன்."

மறுநாள் காலை உக்னே புதுப் பாட்டிலைத் திறந்தாள். இரண்டு கோப்பையில் பால் ஊற்றினாள். ஒர்னெல்லா தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். உக்னே வழக்கம்போல் ஃபிரிட்ஜ் முன்னால் மண்டியிட்டு, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"இன்னுமாடி?" என்றாள் ஒர்னெல்லா.

உக்னே பால் நிற்கும் மட்டத்தை விட்டுவிட்டு, இன்னும் நன்றாகக் குனிந்து, பாட்டிலின் அடியோரத்தில் கோட்டைக் கிழித்து, பக்கத்தில் தேதி போட்டாள்.