இருபதுக்கு மேல் இல்லை

பல் பிடுங்கப் போன மனிதர் பல்லோடு திரும்பி வந்தார். வலது கன்னம் போனபோது எப்படி வீங்கியிருந்ததோ அப்படியேதான் இருந்தது. உள்ளே வந்து ஒரு சொம்பு தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"அங்க சுவத்துல நான் தொங்கறேன்."

வலி மாத்திரை தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"நீ செதுக்கின படம். நான் வாயப் பொளந்துட்டுத் தூங்கற படம். வர்ற நோயாளி எல்லாம் அதப் பாக்கறான், அப்புறம் என்னைப் பாக்கறான். ஒரு அம்மா சிரிப்ப அடக்க முடியாம வெளிய எழுந்து போயிட்டாங்க. நானும் எழுந்து வந்துட்டேன்."

"அது எப்படிங்க இருக்கும்?"

"அதத்தான் நான் கேக்கறேன். இருபதுக்கு மேல இல்லன்னு சொன்ன. அந்த இருபதும் யார் யார்கிட்ட இருக்குன்னு விரல் விட்டு எண்ணிக் காட்டின. அதுல பல் டாக்டர் எங்க வந்தாரு?"

அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அன்று மட்டுமல்ல, மறுநாளும். கேட்டால் ஆமாம், இல்லை. அவ்வளவுதான்.

அவளை எல்லோரும் சுள்ளக்கா என்று கூப்பிடுவார்கள். சுள்ளென்று விழுவாள் என்பதால் வந்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிற வேலை அவளுக்கு. முடியளவு பிசகினாலும் வில்லை சட்டத்தில் உட்காராது. அப்படியே பழகிய கண், மனிதர்கள் செய்கிற எந்தப் பிசகையும் விட்டுவைக்காது. வரிசையில் குறுக்கே புகுந்தவன், மாவு அரைக்கும் இடத்தில் எடையில் கை வைத்தவன், வீட்டுச் சொந்தக்காரர், கடை முதலாளி, யாராக இருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். கணவரிடம் மட்டும் குரல் ஏறாது. இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அது ஏன் என்று அவளைக் கேட்டால் அதற்கும் சுள்ளென்று விழுவாள்.

மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சிடுவது அவளுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். பழைய சைக்கிள் கொட்டகை ஒன்றை ஒன்பது பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதைத்தான் 'ரூம்' என்பார்கள். தகரக் கூரை, ஒரு நீள மேஜை, காகிதம் காயப்போடக் குறுக்கே நாலு கொடி. அந்த ஒன்பது பேரில் ஃபிரேம் கடைக்காரர், எலக்ட்ரீஷியன், பாட்டு டீச்சர் மூவரும் அவளைப் போலவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவர்கள். அங்கே மை பொது, மை தடவுகிற உருளை பொது, உளி தீட்டும் கல் பொது. காகிதம் கட்டுக்கட்டாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கட்டை மட்டும் அவரவருடையது. இதை யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்ட வேண்டிய விஷயமும் இல்லை.

தெரிந்ததை ஒளித்து வைக்கிற புத்தி சுள்ளக்காவுக்குக் கிடையாது. மை தடவிய கட்டையின் மேல் ஈரக் காகிதத்தைப் போட்டு முதுகில் அழுத்தித் தேய்த்தால்தான் படம் இறங்கும். எல்லோரும் மரக்கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், கடையில் கழித்துப் போட்ட தடித்த கண்ணாடி வில்லை ஒன்றைக் கொண்டுவந்து தேய்த்துக் காட்டினாள். அது காகிதத்தைக் கிழிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தம் எங்கே குறைகிறது என்று கண்ணாடி வழியாகவே தெரியும். மறுவாரமே எட்டு வில்லைகளை விளிம்பு மழுங்கத் தேய்த்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். காகிதத்தை எவ்வளவு நனைப்பது, எத்தனை மணி நேரம் அடுக்கி வைப்பது, மரத்தின் நாருக்கு எதிராக உளி ஓட்டினால் எங்கே பிய்த்துக்கொள்ளும் என்று, திட்டிக்கொண்டேதான் என்றாலும், கேட்டவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

அந்தத் தூங்குகிற படம் மூன்று வருஷத்துக்கு முந்தையது. கணவர் பஸ் ஓட்டுநர். விடியற்காலை வண்டி எடுத்து மதியம் மூன்றுக்கு வருவார். வந்ததும் நாற்காலியில் சாய்வார். அடுத்த நிமிஷம் வாய் திறந்துகொள்ளும், ஒரு கை தரையைத் தொடும். அந்தக் கோலம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். செதுக்கட்டுமா என்று கேட்டாள். அவர் யோசித்தார்.

"எத்தன பேர் பாப்பாங்க?"

"இருபது போடுவேன். அதுக்கு மேல இல்ல."

"இருபது பேர்னா பரவால்ல. அதுக்கு மேல என் மானம் தாங்காது, பாத்துக்க."

அச்சில் படம் இடவலமாகப் புரண்டு விழும். அதனால் அவர் கன்னத்து மச்சம் சரியான பக்கத்தில் வரவேண்டும் என்று கட்டையில் திருப்பிச் செதுக்கினாள். மழை மாதத்தில் இருபதையும் அச்சிட்டாள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டாள். பன்னிரண்டு உறவுக்கு, மீதி எட்டும் ரூமில் இருக்கிற மற்ற எட்டுப் பேருக்கு. நல்ல படம் வந்தால் ஆளுக்கு ஒன்று மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம்.

அந்த இருபதில் ஒன்றுதான் எப்படியோ கைமாறிப் போயிருக்க வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டு சனிக்கிழமை பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவேற்பு மேஜைக்கு நேர் எதிரே, கண்ணாடி போட்ட பளபளப்பான சட்டத்துக்குள் அவள் கணவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். பல் டாக்டருக்கு இதைவிடப் பொருத்தமான படம் எங்கே கிடைக்கும்? கீழே 14/20 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து. அவளுடையதைவிட அழகாக இருந்தது.

பதினான்காம் எண் நாத்தனார் வீட்டு மாடிப்படிச் சுவரில் இருக்கிறது. போன வாரம்தான் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறிப் படத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வரவேற்பில் இருந்த பெண் "மேடம், மேடம்" என்று கத்தியது காதில் விழவில்லை.

காதுக்குக் கீழேயிருந்து தொண்டைவரை தலைமுடி அளவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அதை அவள் செதுக்கவில்லை. இருபதையும் போட்டு முடித்து நாலு மாதம் கழித்து, கோடையில் தகரக் கூரைச் சூட்டில் கட்டை நாரோடு வெடித்துக்கொண்டது. வெடிப்பில் மை நிற்காது, அச்சில் அது வெள்ளையாகத்தான் விழும். இருபதில் ஒன்றிலும் அந்தக் கோடு இல்லை. இது அதற்கப்புறம் போட்டது. அவள் கட்டையில், அவளுக்குத் தெரியாமல்.

"இத யாரு குடுத்தா?"

"ஃபிரேம் கடை சார் குடுத்தாரு மேடம். க்ளினிக் திறந்தப்போ."

ஞாயிற்றுக்கிழமை அவள் ரூமுக்குள் நுழைந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஃபிரேம் கடைக்காரர் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே சுள்ளக்காவுக்கு லேசான சந்தேகம் உண்டு. இவர் விஷயத்தில் அந்தச் சந்தேகத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது தன் தப்பு என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என் கட்டையில எத்தன போட்டீங்க?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்லவில்லை. "உட்காரும்மா, முதல்ல."

"எத்தன?"

"ஒரு... பத்து, பதினொண்ணு இருக்கும்."

"பதினொண்ணு! என் புருஷன் மூஞ்சி, பதினொண்ணு!"

"கோபப்படாதம்மா. நம்ம ரூம்ல எது தனி சொல்லு? மை பொது, காகிதம் பொது. உன் கண்ணாடி வித்தையக்கூட எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவ நீ. அவ்வளவு நல்ல படம் அலமாரியில துணி சுத்திக் கிடக்கலாமா? நாலு பேர் பாக்கட்டுமேன்னுதான்."

"வித்தைய நான் குடுத்தேன். கட்டைய நீங்க எடுத்தீங்க. குடுக்கறதுக்கும் எடுக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாத வயசா அண்ணே உங்களுக்கு? அந்தக் கையெழுத்து?"

"நம்பர் இல்லாம குடுத்தா உனக்கு மரியாதையா இருக்காதேன்னு..."

"மரியாதை!" அவள் போட்ட சத்தத்தில் எலக்ட்ரீஷியன் கையிலிருந்த உருளை மேஜையில் விழுந்து மைக்கோடு போட்டுக்கொண்டு ஓடியது. அவன் அதை எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்க்கா மை தடவிக் குடுத்தேன்."

"எனக்கும் தெரியும்" என்றாள் பாட்டு டீச்சர். "உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. நீங்க கத்துவீங்க."

நியாயம்தானே? திருடியவர் மெதுவாகப் பேசுவார், அதனால் அவர் நல்லவர். பறிகொடுத்தவள் கத்துவாள், அதனால் அவளிடம் சொல்லக்கூடாது. மேஜையின் மேல் அவள் தேய்த்துக் கொடுத்த வில்லைகள் கிடந்தன. அவற்றால்தான் அந்தப் பதினொன்றையும் தேய்த்திருப்பார்கள்.

"எங்கெங்க இருக்கு? சொல்லுங்க."

அவர் சொன்னார். பல் ஆஸ்பத்திரி, முடி திருத்துகிற கடை, தையல் கடை இரண்டு, ஒரு வங்கி மேனேஜர் வீடு, தெரிந்தவர்கள் வீடு ஐந்து. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "பஸ் டிப்போ வாசல்ல ஒரு டீக்கடை" என்றார்.

ஆறேழு மாதமாகவே பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவள் கணவரிடம் ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, முழிச்சிட்டுத்தான ஓட்டறீங்க?" என்பான் ஒருவன். கூட இருக்கிறவன் சிரிப்பான். போன மாதம் டிப்போ மேனேஜர் கூப்பிட்டு, வீட்டில் சரியாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டு, கண் பரிசோதனைக்கு வேறு அனுப்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பூனையைக்கூட அடிக்காமல் வண்டி ஓட்டியவர். நமக்கு என்ன வந்தது என்று இரண்டு பேரும் சாப்பிடும்போதெல்லாம் பேசி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் டீ குடிக்காதவர், அந்தக் கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மச்சம்கூடச் சரியான பக்கத்தில் இருந்ததே. யாருக்கு அடையாளம் தெரியாது?

அவள் இதை ரூமில் சொன்னாள். கத்தாமல் சொன்னாள். பாட்டு டீச்சர் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க கோடு போட்டிருந்தா யாராலயும் தொட்டிருக்க முடியாது, இல்லக்கா?"

அதுவும் ரூமின் வழக்கம்தான். எத்தனை என்று சொன்னோமோ அத்தனை போட்டு முடித்ததும் கட்டையின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு வெட்டிவிட வேண்டும். அப்புறம் அதில் யார் அச்சிட்டாலும் கோடுதான் முன்னால் நிற்கும். எல்லோரையும் விரட்டி விரட்டிக் கோடு போட வைக்கிறவளே சுள்ளக்காதான்.

அவள் ஃபிரேம் கடைக்காரரிடம் திரும்பினாள்.

"பதினொண்ணும் வர்ற சனிக்கிழமைக்குள்ள என் கைக்கு வரணும். நீங்களே போய்க் கேக்கணும். 'கையெழுத்து நான் போட்டது'ன்னு உங்க வாயால சொல்லித்தான் கேக்கணும். டீக்கடையில இருக்கிறது இன்னிக்கே வரணும்."

"பாக்கலாம்மா..."

"பாக்கலாம் இல்ல. டீக்கடைக்கு இப்பவே எழுந்திரிங்க."

அவர் எழுந்தார். எலக்ட்ரீஷியனும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனான். அவள் அலமாரியைத் திறந்து, துணி சுற்றிய கட்டையையும் தன் அகல உளியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கணவர் சாப்பாட்டு மேஜையில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே கட்டையை வைத்து, வெடிப்பைக் காட்டி, வழியில் நாத்தனார் வீட்டிலிருந்து வாங்கி வந்த பதினான்காம் எண்ணைப் பக்கத்தில் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். டீக்கடையையும் சொன்னாள். அவர் கட்டையின் வெடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"சரி. பதினொண்ணும் நீ போடல. ஒத்துக்கறேன்" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். "ஆனா முடிஞ்சதும் கோடு போட்டுடுவோம், அப்புறம் யாராலயும் போட முடியாதுன்னு நீதானே எனக்குச் சொன்ன?"

"ஆமா."

"போடலியே."

"போடல."

"ஏன்?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உங்க முகத்துல எப்படிங்க உளிய வைக்கறது? மூணு தடவ எடுத்தேன். கை போகல."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஊரையே வெளுத்து வாங்கற. எங்கிட்ட மட்டும் பாவம் பாத்த. பாத்தது என்னை இல்ல, இந்தக் கட்டைய. நான் அங்க டீக்கடை சுவத்துல கெடக்கறேன், இது இங்க பத்திரமா துணி சுத்திக் கெடக்குது."

அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஃபிரேம் கடைக்காரரைத் திட்டலாம், எலக்ட்ரீஷியனைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த அத்தனை வசவும் திரும்பி அவள்மேலேயே வந்து விழுந்தது. உறையிலிருந்து உளியை உருவினாள்.

கட்டை மேஜையில் வழுக்கியது. அவர் எதிர்ப்பக்கமிருந்து இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் ஆரம்பித்து மூக்கின் குறுக்கே, திறந்த வாயின் மேலாகத் தாடைவரை அவள் ஒரு கோடு இழுத்தாள். மெல்லிய சுருளாக மரம் எழுந்தது. மூக்கைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து கோடு மேலோட்டமாகப் போயிற்று. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"இது போதாது. மை ஏறிடும். இன்னும் ஆழமா போடு."

அவள் உளியை மறுபடி நெற்றியிலேயே வைத்து, இந்த முறை உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள்.