சும்மாட்டுக்குள் ஒரு காது

மக்களே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று ரெண்டு பேரும் கேட்டீர்கள். சின்னவள் காது மிஷினை மாட்டிக்கொண்டே கட்டிலில் சரிந்து தூங்கிவிட்டாள். பெரியவள் அதை மெதுவாகக் கழற்றப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, நல்ல தூக்கத்தில் கிடந்த பிள்ளையைத் தட்டி எழுப்பி, "நீயே கழட்டி வச்சிட்டுப் படும்மா" என்றேன். சின்னவள் அழுதாள். அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று பெரியவள் முணுமுணுத்தாள். அது எனக்குக் கேட்டது.

வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

என்னைப் பெற்றவளுக்கும் காது மந்தம். சின்னவளுக்கு அந்த வழியில் வந்ததாகத்தான் டாக்டர் சொல்கிறார். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நம் சங்கரன்கோவிலிலேயே ஒரு இலவச முகாமில் அம்மாவுக்குக் காது மிஷின் கொடுத்தார்கள். இப்போது சின்னவள் வைத்திருக்கிற மாதிரி காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற சாமான் இல்லை. ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ள ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் காதுக்குள் வைக்கிற குமிழ். "என்ன மைனி, ரேடியோவுல பாட்டா, செய்தியா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்வாள். "உன்னப் பத்தித்தான் சொல்லுதான், கேக்கியா?" என்று அம்மா ஒயரை நீட்டுவாள். அம்மா அப்படி வாயடித்து நான் பார்த்தது அந்த மிஷின் வந்த புதிதில்தான்.

அப்பா விசைத்தறியில் ராத்திரி ஷிப்டு. அம்மா வீட்டில் தறிக்குத் தார் சுற்றுவாள், அதாவது நூலைச் சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. மத்தியானச் சோறு தின்றதும் ரெண்டு பேரும் கொஞ்சம் கண்ணயர்வார்கள். முகாமில் கொடுத்தவர்கள் தூங்கும்போது மிஷினைக் கழற்றி வைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மா கழற்றவே மாட்டாள். பகலானாலும் ராத்திரியானாலும் அதோடுதான் படுப்பாள். காது தலையணையில் அமுங்கியதும் மிஷின் 'கீய்ங்' என்று விசிலடிக்கும். அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்காது. தறிச் சத்தத்திலேயே காலம் கழித்த அப்பாவுக்கும் கேட்காது. எங்கள் வீட்டில் விசில் கேட்டு முழித்துக் கிடந்த ஒரே ஆள் நான்.

குமிழ் அழுத்தி அழுத்தி அம்மாவின் காதுக்குள் புண் வந்தது. பிறகு சீழ் வந்தது. காது டாக்டரிடம் போனோம். "ராத்திரி கழட்டி வைக்கேளா?" என்று டாக்டர் சத்தம்போட்டுக் கேட்டார். "கழட்டுதேன் டாக்டர்" என்றாள் அம்மா. நான் வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். புண் ஆறுகிறவரை தூங்கும்போதாவது காதில் காற்றுப் பட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் கேட்கிறதும் கேட்காமல் போய்விடும் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பா சண்டை போட்டார். "ஏட்டி, தூக்கத்துல என்னத்தட்டி கேக்கப் போற?"

"எனக்குக் கேக்கணும்" என்றாள் அம்மா.

கழற்ற வைக்க முடியாத மனுஷன் வேறு வழி தேடினார். ஒரு பழைய துண்டை முறுக்கி, தண்ணீர்க் குடம் தூக்குகிற பெண்கள் தலையில் வைப்பார்களே அந்தச் சும்மாடு மாதிரி வளையமாகச் சுற்றித் தலையணைமேல் வைத்தார். காது அந்த வளையத்துக்குள் விழும்படி அம்மாவைப் படுக்க வைத்தார். டப்பாவுக்கு ஒரு துணிப்பை தைத்துத் தலையணை ஓரத்தில் கட்டினார். அன்றைக்கு விசில் வரவில்லை. அம்மா ஒருக்களித்து, வலியில்லாமல் தூங்கினாள். அப்பா வாசலில் போய் நின்று தெருவையே பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். "தலைக்கு மேல வைக்கிறத தலைக்குக் கீழ வச்சிட்டு என்ன நெளிப்பு நெளியுதாரு எங்க அண்ணன்!" என்று அத்தை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் குமிழ் காதுக்குள்தானே இருந்தது. விசில் நின்றதே தவிர சீழ் நிற்கவில்லை. பக்கத்தில் படுத்தால் வாடை வரும். அம்மா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தே நடக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். காலில் தைத்த முள்ளை எடுக்கிற மாதிரி, குமிழை இழுப்பதும் நிறுத்துவதுமாக மெள்ள மெள்ள வெளியே எடுத்துவிட்டார். பஞ்சால் காதைத் துடைத்தார். நான் என்னவோ கேட்கப் போக, விரலை வாயில் வைத்து 'உஷ்' என்றார். காது கேட்காதவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு 'உஷ்' என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அப்பா நிம்மதியாகக் கொல்லைக்குப் போனார். நான் முறுக்குத் தின்றுகொண்டு அங்கேயே இருந்தேன்.

எது எழுப்பியதோ தெரியாது. அம்மா திடீரென்று கண் விழித்தாள். கை காதுக்குப் போகவில்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து தன் கால் பெருவிரலைப் பிடித்துப் பார்த்தாள். கட்டெறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தேன். சட்டென்று எழுந்து உத்தரத்துக் கொக்கிக்குக் கீழே போய், வெறும் காற்றில் ரெண்டு கையாலும் எதையோ விலக்கி விலக்கிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பேச்சு இல்லை.

அப்பா ஈரக் கையோடு ஓடி வந்து பிடித்தார். "ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல!" என்று கத்தினார். மிஷின் இல்லாமல் அவளுக்கு எங்கே கேட்கும்? முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "இந்தா நிக்கான் பாரு! இந்தா நிக்கான்!" அம்மா என்னை இழுத்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வாய் நிறைய முறுக்கோடு நின்ற எனக்கு அது கிச்சுக்கிச்சு மூட்டினது போல இருந்தது. நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

சீழ் வடிகிற காதில் அம்மா தானே குமிழைத் திணித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பா அதைத் தொடவே இல்லை. அடுத்த வருஷம் அந்தக் காது முழுக்கப் போய்விட்டது, மிஷினும் பரண்மேல் ஏறிவிட்டது. அதன்பின் அம்மா என் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். நான் மீசை முளைக்கிற வயசு வரைக்கும். புழுக்கத்தில் தள்ளிவிடுவேன், கை திரும்ப வந்துவிடும். என்மேல் அவ்வளவு பாசம் என்றே நினைத்திருந்தேன்.

பெரியவள் பிறந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அப்பா சொன்னார். "நீ மூத்தவன் இல்லலே. உனக்கு முன்னால ஒரு பொட்டப்பிள்ள. பேரு கூட வைக்கல. மிஷின் அப்ப ஏது? தொட்டில் கயித்தக் கால் பெருவிரல்ல கட்டிக்கிட்டுத்தான் உங்கம்மா படுப்பா, பிள்ள அசஞ்சா இழுக்கும்னு. அன்னைக்கு முடிச்சு அவுந்து கிடந்திருக்கு. பால் பொறையேறிட்டு. உங்கம்மா பக்கத்துலதான் படுத்துக் கிடந்தா, ஒண்ணும் கேக்கல." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அம்மா அப்போது உயிரோடு இல்லை.

அந்த மத்தியானம் அவள் தேடியது என்னை இல்லை. மூச்சு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்ததும் எனக்காக மட்டும் இல்லை.

டீ குடித்துவிட்டு வந்தவரிடம் எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். கரிவலம் ரோட்டில், ஓடைப் பாலத்துக்கு மேற்கே என்றார். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கருவேல முள்ளாகக் கிடந்தது. நடுவில் பிளாட்டுக் கற்கள் ஊன்றியிருந்தார்கள். எந்த இடம் என்று தெரியவில்லை. ரோட்டில் ஒரு பஸ் போய் மறைகிறவரை சும்மா நின்றேன். பிறகு, எங்கள் வீட்டில் அம்மாவைக் கூப்பிடுகிற அதே பெரிய சத்தத்தில், "எக்கா" என்று ஒரு தரம் கூப்பிட்டேன்.