மேடையில் நின்றுபோன எட்வின்

1. முதல் ஒத்திகை

ஒஸ்லோவில் ஒரு நாடக அரங்கில் நான் சுஃப்ளோராக வேலை பார்த்தேன். நடிகர் வசனத்தை மறந்தால் பக்கத்திரைக்குப் பின்னால் இருந்து எடுத்துக்கொடுக்கிற வேலை.

ஒரு முறை லண்டனிலிருந்து எட்வின் வந்தார். சினிமாவிலும் மேடையிலும் பேர் பெற்ற நடிகர். நாடகத்தை அவரே எழுதி, அவரே இயக்கி, அவரே நடிக்கவும் போகிறார். அதுவும் நோர்வேஜிய மொழியில். எங்கள் மனேஜருக்குப் பயம். ஆங்கிலத்திலேயே செய்யலாமே என்று கேட்டுப் பார்த்தார்.

“முப்பது வருசமா என்ரை மனுசி முன்வரிசையிலை இருந்து என்ரை இங்கிலீசைக் கேட்டவ. ஒருக்கா எண்டாலும் அவவின்ரை மொழியிலை நடிக்க வேணும்,” என்றார் எட்வின். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். என் மனதில் பதிந்தபடி எழுதுகிறேன். அவருடைய மனைவி இங்ரிட் நோர்வேக்காரி.

ஒத்திகையில் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். “நீங்களும் நானும் பிந்தி வந்து இந்த மொழியைப் படிச்ச ஆக்கள், வசந்தி. நான் பிழை விட்டால் நீங்கள் சிரிக்க மாட்டியள்.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

2. பிரேமியர்

ஞாயிறு பிற்பகல், நாடகத்தின் முதல் மேடையேற்றம். அரங்கு நிறைந்திருந்தது, முன்வரிசையில் இங்ரிட். இரண்டாம் காட்சியில், தானே எழுதிய நீண்ட வசனத்தின் நடுவில் எட்வின் நின்றுவிட்டார். எடுத்துக்கொடுத்தேன். அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பவும் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது.

ஹெட்செட்டில் லைட் பார்க்கும் ரஞ்சன் கேட்டான்: “அக்கா, ஆள் விறைச்சுப்போனார். லைட்டைக் குறைக்கட்டே?”

லைட் அணைந்தால் நாடகம் அத்தோடு சரி. பிறகு அவர் அந்த மொழியில் வாயே திறக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது.

“வேண்டாம், பொறு,” என்றேன்.

எட்வின் சபையைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிய நோர்வேஜியத்தில் சொன்னார்: “நடிகன் மறந்துபோனான். எழுதினவன் நீட்டி எழுதிட்டான். இயக்குநர் வெட்டாமல் விட்டிட்டான். மூண்டு பேரும் மன்னிப்புக் கேக்கிறம்.”

அரங்கே சிரித்தது. இங்ரிட்டின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. எட்வின் என் பக்கம் திரும்பி, “வசந்தி, சத்தமாச் சொல்லுங்கோ,” என்றார். சுஃப்ளோரின் குரல் சபைக்குக் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். நான் தொண்டையைத் திறந்து சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். கடைசிவரை ஒரு சொல்லும் தவறவில்லை.

மறுநாள் வந்ததும் அந்த வசனத்தில் பாதியைப் பேனையால் வெட்டினார். “எழுதினவன் கத்தினான். நடிகன் அவனைப் பேசாமல் இரு எண்டு சொல்லிட்டான்.”

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெல்லச் சொல்லப் பழகுங்கள். நடிகருக்குக் கேட்கவில்லை என்றால் கூச்சப்படாமல் உரக்கச் சொல்லுங்கள். சபை கோபிக்காது. அந்த ஞாயிறு நாடகம் முடிந்து வெளியே போகும்போது இங்ரிட் என்னைக் கட்டிப்பிடித்து, “உங்கடை குரலும் நல்லாயிருந்தது,” என்றார்.