பட்டினி போட்டுவிட்டு வந்தவர்

சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், கம்பியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் பிடிப்பார் அந்த ஒல்லி அக்கா. ஒருநாள் போனில், “நேத்தே பட்டினி போட்டுட்டேன்டி, எல்லாம் கம்முனு கீது” என்றார். ஆட்டோவே அவரை முறைத்தது.

“யாரைக்கா?” என்றேன்.

“செல்லுப்பா.”

“சார்ஜ் இல்லையா?”

சிரித்துவிட்டார். “லேப்ல வளக்குற செல்லு. தீனிய நிறுத்துனா பெருகாம சும்மா கெடக்கும், சாவாது. திரும்ப ஊத்துனா எழுந்துக்கும். ரொம்ப நாள் வுட்டா மட்டும் எழுந்துக்க லேட்டாவும்.”

பிறகு நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் உற்பத்தி லைனை நிறுத்தி, ‘கூப்பிடுகிறோம்’ என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பல மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். முதல் நாளே அலாரம் அடித்தும் எழவில்லை. கம்பெனி பஸ் போய்விட்டது.

ஷேர் ஆட்டோவில் அதே அக்கா. கொட்டாவியோடு விஷயத்தைச் சொன்னேன். நான் பிடிக்கவேண்டிய கம்பியையும் துடைத்துவிட்டு, “ரொம்ப நாளாச்சில்ல, மெதுவாத்தான் எழுந்துக்கும்” என்றார், என் முகத்தையே பார்த்து.