லீவு கேட்ட விதம்

போன வியாழக்கிழமை எங்கள் கிடங்கில் ஒரு லீவு விவகாரம்.

என்னோடு கணக்கெழுதும் கிராணி சூசை. அவருடைய மனைவி நாகப்பட்டினத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்துகொண்டிருந்தார். சூசை இன்னும் முகம் பார்க்காத குழந்தை. அன்று பிற்பகல் கப்பல் வந்துவிடும் என்று தகவல். சம்பான் படகுக்காரர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் மொய்க்கிற பினாங்குத் துறைமுகத்தில் அழைத்துப்போக ஆள் இல்லாவிட்டால், ஊர் தெரியாத பெண் என்ன செய்வாள்?

காலையில் துரை கிடங்கைச் சுற்றிப் பார்க்க வந்தார். சூசை இங்கிலீஷில் ஆரம்பித்தார். முதலில் துரையின் தேக சௌக்கியம். பிறகு தமது விசுவாசமான உழைப்பு. பிறகு கல்யாணமான கதை... லீவு கடைசியில் வருவதாக இருந்தது. துரை அதுவரை நிற்கவில்லை. “வெரி குட், வெரி குட்” என்று நகர்ந்துவிட்டார்.

“லீவு குடுத்துட்டாராண்ணே?” என்றார் சூசை என்னிடம்.

“நீ இன்னும் கேக்கவே இல்லியே தம்பி!”

யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐசே, உம்மட லீவு கப்பலை விட மெதுவா வருது. முதல்ல அதைக் கேளும்!”

“எடுத்த எடுப்புல கேட்டா மரியாதையாங்க ஐயா?”

யோசித்துப் பார்த்தேன். நம் பாஷையே அப்படித்தானே? காரணம், காலம், இடம் எல்லாம் முன்னே போகும். வினை கடைசியில் வந்து உட்காரும். காதுகொடுப்பவரும் அதுவரை காத்திருப்பார். ‘சூசை துரையைப் பார்த்தார்’, ‘துரையைச் சூசை பார்த்தார்’ — எப்படிப் புரட்டினாலும் பார்த்தவர் சூசைதான். இங்கிலீஷில் பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்... பார்த்தவர் துரையாகிவிடுவார்! அங்கே முன்னால் நிற்பதற்குத்தான் மவுசு.

மத்தியானம் கப்பலின் சங்கு ஊதியது. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் கிளம்பினார். சூசை ஓடினார். மறுபடியும் தேக சௌக்கியம்!

துரை வந்தால் மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிற ஆசாமி நான். அன்று எப்படித்தான் வாய் திறந்ததோ?

“லீவ், சார்! சூசைக்கு லீவ். வைஃப், பேபி — ஷிப்பில்!”

துரை நின்றார். “இன்றைக்கா?”

“டுடே, சார்.”

“அப்படியானால் இவர் ஏன் இன்னும் இங்கே நிற்கிறார்?”

நன்றி சொல்லவும் சூசை நிற்கவில்லை. ஓட்டம்தான்.

மறுநாள் கண் சிவந்து வந்தார். மனைவியும் பிள்ளையும் சுகம். ஆனால் தூக்கம்?

“பையன் எங்கண்ணே தூங்க விட்டான்! பால்னா பால்தான். சௌக்கியமா, எப்படி இருக்கீங்க... ஒண்ணும் கிடையாது. நேரா கத்தல்!”

துரையிடம் லீவு கேட்க, அடுத்த தடவை அவனையே அனுப்பலாம்.